38 வயதில் ஒரு குளிர்காலம்: ஓராண்டு ஒப்பந்தமா, வெளிநாடா, ஓய்வா?

அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸ் முடிந்த கையோடு இன்னொரு சீசன் ஆரம்பமாகிவிடும். மைதானத்தில் ஒன்றும் நடக்காது, செய்தி மட்டும் வந்துகொண்டே இருக்கும். ஒப்பந்தம் முடிந்தவர்கள் ஐந்து நாட்கள் கழித்து வேறு அணியோடு கையெழுத்துப் போடலாம். டிசம்பர் ஆரம்பத்தில் அணி நிர்வாகிகளும் ஏஜென்ட்டுகளும் ஒரே இடத்தில் கூடும் விண்டர் மீட்டிங்ஸ் வரும். பிப்ரவரி நடுவில் ஃப்ளோரிடாவிலும் அரிசோனாவிலும் சீசனுக்கு முந்தைய பயிற்சி முகாமான ஸ்பிரிங் டிரெயினிங் தொடங்கும். இடைப்பட்ட மாதங்களில் தலைப்புச் செய்தி ஆவதெல்லாம் இளம் நட்சத்திரங்களின் பல நூறு மில்லியன் டாலர் ஒப்பந்தங்கள்தான்.

ஆனால் பேஸ்பால் பார்க்கும் நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது வேறொரு ஆளைப் பற்றி. பல வருடமாக அவர்கள் நேசித்த ஆட்டக்காரர். வயது 38 ஆகிவிட்டது. ஒப்பந்தம் முடிந்துவிட்டது. பழைய வேகம் இல்லை, ஆனால் விடவும் மனசு வரவில்லை. "அவர் இன்னும் ஒரு வருடம் ஆடலாமா? ஜப்பானுக்குப் போகலாமா? கௌரவமாக நிறுத்திக்கொள்வதுதான் நல்லதா?" கேட்பவர்களுக்கு உண்மையிலேயே கவலை இருக்கிறது. எனக்கும் இருக்கிறது. அதனால் அந்த ஆளுக்கு முன்னால் இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஏற்கெனவே அந்த வழியில் போனவர்களை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

## எதை வைத்து அளப்பது

பணத்தை முதலில் வைக்க மாட்டேன். அமெரிக்காவின் உச்ச லீக்கான மேஜர் லீக்கில் பத்துப் பன்னிரண்டு வருடம் நிலைத்து ஆடியவருக்கு இந்த வயதில் கிடைக்கும் ஒப்பந்தம் வாழ்க்கையை மாற்றப் போவதில்லை. நான் முதலில் கேட்பது, அவர் நேசிப்பது ஆட்டத்தில் எதை என்பதுதான். "அவருக்கு ஆட்டத்தின் மேல் அவ்வளவு காதல்" என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம். அந்தக் காதல் எல்லோருக்கும் ஒன்றில்லை. ஒருவருக்கு உலகத்தின் மிகச் சிறந்த பேட்டர்களை எதிர்கொள்வதில் காதல். இன்னொருவருக்கு எந்த மைதானமானாலும் தினமும் இறங்கி ஆடினால் போதும். மூன்றாமவருக்குத் தன் ஊர், தன் அணி, தன் ஆட்கள். நான்காமவருக்குப் பயிற்சி, அந்த ஒழுங்கு, காலையில் எழுந்து பந்தைக் கையில் எடுப்பது. இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதி முடிவு அங்கேயே வந்துவிடும்.

அடுத்தது, எவ்வளவு ஆடக் கிடைக்கும் என்பது. மேஜர் லீக் அணியில் 26 இடங்கள்தான். அதில் ஓர் இடம் கிடைப்பது ஒரு விஷயம், அந்த இடத்தில் இருந்துகொண்டு களமிறங்குவது இன்னொரு விஷயம்.

உடம்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 162 ஆட்டங்கள், ஏறக்குறைய ஆறு மாதம், கிட்டத்தட்ட தினமும். அப்புறம் குடும்பம். அவருக்கு இந்த வயதில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கலாம். கடைசியாக, திரும்பி வரும் வழி: இந்த வழியில் போனால் மறுபடி மேஜர் லீக்குக்கு வர முடியுமா, கதவு மூடிவிடுமா?

பணத்தில் ஒரு விதிவிலக்கை மட்டும் மறக்கக்கூடாது. மேஜர் லீக் ஓய்வூதியம் 43 நாள் சர்வீஸ் (மேஜர் லீக் அணியில் இருந்த நாட்கள்) இருந்தாலே கிடைக்கத் தொடங்கும். முழுத் தொகைக்கு 10 ஆண்டு சர்வீஸ் வேண்டும். ரோஸ்டரில், அதாவது அணிப் பட்டியலில், 172 நாள் இருந்தால் ஓர் ஆண்டு. ஒன்பதரை வருடத்தில் நிற்கும் ஒருவருக்கு மேஜர் லீக்கில் இன்னும் மூன்று மாதம் என்பது சம்பளத்தைவிடப் பெரிய விஷயம். வெளியிலிருந்து பார்த்து "ஏன் இவர் விடாமல் தொங்குகிறார்" என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

## மேஜர் லீக்கில் ஓராண்டு ஒப்பந்தம்

எல்லோரும் விரும்புவது இதைத்தான். ரோஸ்டரில் உறுதியான இடம், சம்பளம் முழுக்க உத்தரவாதம், சர்வீஸ் நாட்கள் சேரும். மிகக் குறைந்த சம்பளமே 2026-ல் 7,80,000 டாலர்.

இந்த வழியை நன்றாகப் பயன்படுத்தியவர் பிட்சர், அதாவது பந்து வீசுபவர், கிளேட்டன் கெர்ஷா. 2021-க்குப் பிறகு அவர் நீண்ட ஒப்பந்தம் எதுவும் தேடவில்லை. ஒவ்வொரு குளிர்காலமும் உடம்பையும் வீட்டையும் பார்த்துவிட்டு டாட்ஜர்ஸ் அணியோடு குறுகிய ஒப்பந்தம் போட்டார். 2023 நவம்பரில் தோளில் அறுவை சிகிச்சை. அடுத்த சீசனில் அவர் முதல் பிட்சராக இறங்கித் தொடங்கிய ஆட்டங்கள் ஏழே ஏழு. அந்த சீசன் முடிந்ததும் காலிலும் முழங்காலிலும் அறுவை சிகிச்சை. பலர் இத்தோடு முடிந்தது என்றே நினைத்தார்கள். அவர் 2025-க்கு 75 லட்சம் டாலர் அடிப்படைச் சம்பளத்துக்கு, எத்தனை ஆட்டம் தொடங்குகிறாரோ அதற்கேற்ப மேலும் பணம் வரும்படி கையெழுத்துப் போட்டார். அந்த ஆண்டு ஜூலை 2-ல் 3,000-வது ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை அவுட் ஆக்குவது). அவர் கணக்கில் 11 வெற்றி, 2 தோல்வி. செப்டம்பரில் ஓய்வை அறிவித்துவிட்டு, வேர்ல்ட் சீரிஸின் 18 இன்னிங்ஸ் ஆட்டத்தில், மூன்று பேஸிலும் எதிரணியினர் நின்றிருந்தபோது வந்து ஒரே ஒரு பேட்டரை அவுட் ஆக்கினார். அணி கோப்பையை வென்றது. அவர் கிளம்பினார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒப்பந்தத்தின் அமைப்பு. அடிப்படைச் சம்பளம் குறைவு, ஆட ஆடக் கூடும். வயதான பிட்சரின் உடம்பு எப்போது கைவிடும் என்ற பயம் அணிக்கு இருக்கும். அந்தப் பயத்தில் ஒரு பங்கை ஆட்டக்காரரே ஏற்றுக்கொண்டால் கதவு திறக்கும்.

பேட்டர் ஆல்பர்ட் பூஹோல்ஸ் கதையில் இன்னொரு பாடம் இருக்கிறது. 24 கோடி டாலர், பத்து வருட ஒப்பந்தம் முடியும் ஆண்டான 2021-ல், மே மாதமே ஏஞ்சல்ஸ் அவரை விடுவித்துவிட்டது. டாட்ஜர்ஸ் எடுத்துக்கொண்டது. அந்தக் குளிர்காலத்தில் டொமினிக்கன் குடியரசில் விண்டர் லீக் ஆடினார், 41 வயதில். 2022 மார்ச் கடைசியில் 25 லட்சம் டாலருக்குத் தன் பழைய அணியான செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்குத் திரும்பினார். அந்த ஆண்டு 24 ஹோம் ரன் (பந்தை வேலிக்கு வெளியே அடிப்பது). மொத்தம் 703 என்ற கணக்கோடு முடித்தார். இது வெறும் மன உறுதியால் நடந்ததில்லை. அந்த வருடம்தான் மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீக்கிலும் பிட்சருக்குப் பதிலாக அடிக்க ஒரு தனி ஆள், அதாவது டெசிக்னேட்டட் ஹிட்டர், என்ற விதி நிரந்தரமாக வந்தது. ஃபீல்டிங் செய்ய வேண்டாம், இடக்கைப் பிட்சர்கள் வரும் நாட்களில் முக்கியமாக ஆடினால் போதும் என்ற சிறிய வேலையை அவர் முழு மனதோடு ஏற்றுக்கொண்டார். அந்த வேலையை இழிவாக நினைத்திருந்தால் 700 வந்திருக்காது.

மறைந்திருக்கும் செலவு என்ன? முதலாவது, ஜூலை கடைசியை ஒட்டி வரும் டிரேட் கெடு. அணி தோற்றுக்கொண்டிருந்தால் ஓராண்டு ஒப்பந்தத்தில் இருக்கும் மூத்தவரைத்தான் முதலில் விற்பார்கள். 10 ஆண்டு சர்வீஸும் அதில் கடைசி 5 ஆண்டு அதே அணியிலும் இருந்தவருக்கு மறுக்கும் உரிமை உண்டு. கெர்ஷாவுக்கு அது இருந்தது. புதிதாக ஓர் அணிக்கு வந்தவருக்குக் கிடையாது. பிப்ரவரியில் வீடு பிடித்து, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து, ஆகஸ்டில் நாட்டின் மறுகோடிக்குப் போக வேண்டி வரலாம். இரண்டாவது, பெஞ்ச். சம்பளம் உறுதி, ஆட்டம் உறுதியில்லை. தினமும் ஆடினால்தான் சந்தோஷம் என்கிற ஆளுக்கு இதைவிட வேதனையான ஒப்பந்தம் இல்லை.

## மைனர் லீக் ஒப்பந்தமும் ஸ்பிரிங் டிரெயினிங் அழைப்பும்

மைனர் லீக் என்பது மேஜர் லீக் அணிகளின் கீழ்நிலைக் கிளை அணிகள் ஆடும் இடம். இந்த ஒப்பந்தத்தில், களமிறங்கும் 26 பேரைத் தேர்ந்தெடுக்கும் அணியின் 40 பேர் பட்டியலில் இடம் கிடையாது. ஆனால் பிப்ரவரியில் வந்து எங்களோடு பயிற்சி செய், ஆறு வாரத்தில் நிரூபித்தால் எடுத்துக்கொள்கிறோம் என்பார்கள். தேர்வானால் பேசிய மேஜர் லீக் சம்பளம். தேர்வாகாவிட்டால் மைனர் லீக்கின் மேல்தட்டான டிரிப்பிள்-ஏ, இல்லையென்றால் வீடு.

கேட்பதற்கு அவமானம் போலத் தெரியும். நான் அப்படி நினைக்கவில்லை. பிட்சர் ரயன் வோகல்சாங் 2006-க்குப் பிறகு பல வருடம் மேஜர் லீக்கில் ஆடவே இல்லை. ஜப்பானில் மூன்று வருடம், பிறகு மைனர் லீக். 2011 ஜனவரியில், தன்னை முதன்முதலில் தேர்ந்தெடுத்த சான் ஃப்ரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணியோடு மைனர் லீக் ஒப்பந்தம் போட்டார். ஏப்ரலில் அந்த அணியின் பிட்சர் பாரி ஸீட்டோ காயப்பட்டதால் இடம் காலியானது. அதே ஆண்டு, சீசனின் சிறந்தவர்களைக் கொண்ட ஆல்-ஸ்டார் அணியில் இருந்தார். அடுத்த ஆண்டு வேர்ல்ட் சீரிஸில் ஓர் ஆட்டம் தொடங்கி வென்றார்.

ஜேமி மோயர் இதைவிடத் தூரம் போனார். 48 வயதில் முழங்கைத் தசைநாரைச் சீராக்கும் டாமி ஜான் அறுவை சிகிச்சை. ஒரு வருடம் முழுக்க ஆட்டம் இல்லை. பிறகு கொலராடோ ராக்கீஸ் அணியில் அழைப்பு ஆட்டக்காரராகப் போய், இளைஞர்களோடு போட்டியிட்டு இடம் பிடித்தார். 2012 ஏப்ரல் 17-ல், 49 வயதில், மேஜர் லீக்கில் ஓர் ஆட்டத்தை வென்ற மிக மூத்த பிட்சர் ஆனார். ஜூன் மாதம் விடுவித்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் வேறு இரண்டு அணிகளின் டிரிப்பிள்-ஏ கிளைகளில் வீசிப் பார்த்தார். சிலருக்கு அந்த முடிவு வருத்தமாகப் பட்டிருக்கும். கடைசிப் பந்துவரை வீசிப் பார்த்துவிட்டோம் என்ற நிறைவு எல்லோருக்கும் கிடைப்பதில்லை என்றே நான் சொல்வேன்.

இந்த வழியில் முக்கியமான நுணுக்கம் வெளியேறும் தேதிகள். ஆறு வருடத்துக்கு மேல் சர்வீஸ் இருந்து, முந்தைய சீசனை மேஜர் லீக் ரோஸ்டரில் முடித்து ஃப்ரீ ஏஜென்ட் (எந்த அணியோடும் சேரலாம் என்ற நிலை) ஆனவர் மைனர் லீக் ஒப்பந்தம் போட்டால், மூன்று சந்தர்ப்பங்களில் வெளியேற உரிமை தானாகவே உண்டு: சீசன் தொடங்க ஐந்து நாள் முன்பு, மே 1, ஜூன் 1. அணி அவரை ரோஸ்டரில் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் விட வேண்டும். இந்தத் தகுதி இல்லாதவர் அதே தேதிகளை ஏஜென்ட் மூலம் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளலாம். எழுதாமல் போனால் டிரிப்பிள்-ஏயில் கோடை முழுக்க மாட்டிக்கொள்வார்.

செலவு என்று பார்த்தால், நிச்சயமின்மைதான் பெரியது. மார்ச் கடைசி வரை எந்த ஊரில் இருப்போம் என்று குடும்பத்துக்குச் சொல்ல முடியாது. நல்ல பேட்டிங் காட்டியும், காயம் யாருக்கும் ஏற்படாததால் இடம் இல்லாமல் போனவர்கள் ஏராளம். திறமை மட்டும் போதாது, ஒரு காலி இடமும் வேண்டும். அதனால் எந்த அணி என்பது எவ்வளவு பணம் என்பதைவிட முக்கியம். அந்த அணியின் ரோஸ்டரைப் பார்த்து, தன் வேலையைச் செய்ய எத்தனை பேர் முன்னால் நிற்கிறார்கள் என்று எண்ணிவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

## கடல் கடந்து: ஜப்பான், கொரியா, மெக்சிகோ

இந்த மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவது வழக்கம். மூன்றும் மூன்று விதம்.

கொரிய லீக்கில் பத்து அணிகள், 144 ஆட்டங்கள். வெளிநாட்டவருக்கு இடம் மிகக் குறைவு. புதிதாக வரும் வெளிநாட்டவருக்கு முதல் வருடம் எல்லாம் சேர்த்து 10 லட்சம் டாலர்தான் உச்சவரம்பு. அந்தச் சில இடங்களில் ஒன்றில் இருப்பவர் சரியாக ஆடாவிட்டால் சீசன் நடுவிலேயே மாற்றிவிடுவார்கள். அங்கே போய் உயர்ந்து திரும்பியவர்களும் உண்டு. எரிக் தேம்ஸ் 2015-ல் 47 ஹோம் ரன், 40 ஸ்டீல் (பந்து அடிபடும் முன்பே ஓடி அடுத்த பேஸைப் பிடிப்பது) எடுத்து, பிறகு மில்வாக்கியோடு மூன்று வருடம், 1 கோடியே 60 லட்சம் டாலர் ஒப்பந்தத்தோடு வந்தார். பிட்சர் எரிக் ஃபெட்டி 2023-ல் 20 வெற்றி எடுத்து, சிகாகோ ஒயிட் சாக்ஸோடு இரண்டு வருடம், 1 கோடியே 50 லட்சம் டாலருக்குத் திரும்பினார். ஆனால் தேம்ஸ் போனது இருபதுகளில், ஃபெட்டி போனது முப்பதைத் தொட்டபோது. மேஜர் லீக் வாசலில் சிக்கி நிற்கும் ஆட்டக்காரருக்கான வழி இது. 38 வயதுக்காரர் இதைத் திரும்பி வரும் பாலமாக நினைத்தால் ஏமாறுவார்.

ஜப்பான் வேறு. 12 அணிகள், 143 ஆட்டங்கள், பெரும்பாலும் திங்கட்கிழமை ஓய்வு. பிட்சருக்கு முக்கியமான செய்தி, தொடக்கப் பிட்சர் வழக்கமாக வாரத்துக்கு ஒரு முறைதான் வீசுவார். அமெரிக்காவில் ஐந்து ஆறு நாளுக்கு ஒரு முறை. வயதான தோளுக்கு அந்த ஒரு நாள் பெரிய வரம். பதிலுக்குப் பயிற்சி கடுமை: பிப்ரவரி 1-ல் கேம்ப் தொடங்கிவிடும், நாள் முழுக்க நீளும். எதிர்பார்த்தபடி ஆடாவிட்டால் இரண்டாம் அணிக்கு அனுப்பிவிடுவார்கள். குடும்பத்தை அமெரிக்காவில் விட்டு வந்தவருக்கு அந்த மாதங்கள் தனிமையானவை.

ஜப்பானியருக்கு இந்த வழியின் அர்த்தமே மாறிவிடும். பிட்சர் ஹிரோகி குரோடா 2014-ல் நியூயார்க் யாங்கீஸில் 1 கோடியே 60 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டிருந்தார். அமெரிக்காவிலேயே தொடர்ந்திருக்கலாம். அந்தக் குளிர்காலத்தில் தன் பழைய அணியான ஹிரோஷிமா கார்ப்புக்குத் திரும்பினார், 40 கோடி யென்னுக்கு. டாலரில் பார்த்தால் பழைய சம்பளத்தில் கால் பங்கு கூட இல்லை. வீசும் சக்தி மீதி இருக்கும்போதே வர வேண்டும் என்பதுதான் அவர் முடிவு. 2015-ல் 11 வெற்றி, 2016-ல் 10 வெற்றி. 2016-ல் ஹிரோஷிமா 25 ஆண்டுகளுக்குப் பிறகு, ஜப்பானின் இரு பிரிவுகளில் ஒன்றான சென்ட்ரல் லீக்கின் பட்டம் வென்றது. அதோடு நிறுத்திக்கொண்டார். இந்த ஒப்பீட்டில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். அவர் எதை நேசித்தார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, அது தீர்ந்துபோகும் முன் அங்கே போய்ச் சேர்ந்தார்.

மெக்சிகன் லீக் கோடையில் நடப்பது. பணம் குறைவு, உயரமான ஊர்களில் பந்து பறக்கும் என்பதால் பேட்டர்களுக்குக் கொண்டாட்டம், பிட்சர்களுக்குத் திண்டாட்டம். பேட்டர் ராபின்சன் கனோ 2022-க்குப் பிறகு மேஜர் லீக்கில் ஆடவில்லை. 2024-ல், 41 வயதில், மெக்சிகோ சிட்டியின் டையப்லோஸ் ரோஹோஸ் அணிக்கு .431 சராசரியில் அடித்துப் பட்டமும் வென்றார். ஹூலியோ ஃப்ராங்கோவைச் சொல்லாமல் இந்தப் பகுதியை முடிக்க முடியாது. ஜப்பான், மெக்சிகோ, கொரியா என்று சுற்றி, மறுபடி மெக்சிகோ வந்து, 2001-ல் .437 அடித்தார். அட்லாண்டா பிரேவ்ஸ் அவரை அங்கிருந்து வாங்கியபோது வயது 43. அதன் பிறகு மேஜர் லீக்கில் 2007 வரை ஆடினார். 48 வயதில் பிட்சர் ராண்டி ஜான்சனின் பந்தில் ஹோம் ரன் அடித்தார். இப்படி ஓர் உடம்பு நூறு வருடத்துக்கு ஒருமுறைதான் வரும் என்பதால் இதை உதாரணமாகக் காட்டி யாரையும் ஊக்கப்படுத்த மாட்டேன். கேட்கவே ஆனந்தமாக இருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

## இண்டிபெண்டன்ட் லீக்

எந்த மேஜர் லீக் அணிக்கும் சொந்தமில்லாத சிறிய அணிகள். சம்பளம் மேஜர் லீக் கணக்கில் ஒன்றுமே இல்லை. நீண்ட பஸ் பயணம், சில ஆயிரம் பேர் உட்காரும் மைதானம்.

பிட்சர் ரிச் ஹில் 2015-ல் 35 வயதில் லாங் ஐலண்ட் டக்ஸ் அணிக்குப் போனார். அங்கே இரண்டே ஆட்டம், 11 இன்னிங்ஸ், 21 ஸ்ட்ரைக்அவுட். பாஸ்டன் ரெட் சாக்ஸ் மைனர் லீக் ஒப்பந்தம் கொடுத்தது. செப்டம்பரில் நான்கு ஆட்டம் தொடங்கி அசத்தினார். ஓக்லண்ட் 60 லட்சம் டாலர் கொடுத்தது. அடுத்த குளிர்காலம், 2016 டிசம்பரில், டாட்ஜர்ஸோடு மூன்று வருடம், 4 கோடியே 80 லட்சம் டாலர். பஸ்ஸில் பயணம் செய்த கோடைக்கும் இந்தக் கையெழுத்துக்கும் இடையே ஒன்றரை வருடம்கூட இல்லை. 2025-ல் 45 வயதில் கேன்சஸ் சிட்டிக்காகக் களமிறங்கியபோது அது அவருடைய 14-வது மேஜர் லீக் அணி.

பிட்சர் ஸ்காட் காஸ்மிர் கதையும் சேர்த்துப் பார்க்க வேண்டியது. 2012-ல் ஹூஸ்டன் அருகே சுகர்லேண்ட் அணியில் அவர் எண்கள் நன்றாகவே இல்லை. ஆனால் தொலைந்துபோன வேகம் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. கிளீவ்லண்ட் ஒரு மைனர் லீக் ஒப்பந்தம் கொடுத்தது, அங்கிருந்து ஓக்லண்டில் இரண்டு வருடம், 2 கோடியே 20 லட்சம் டாலர், பிறகு ஆல்-ஸ்டார். இங்கே ஆடுபவர் வெற்றி தோல்வியை எண்ண வேண்டாம். புதிதாக ஏதாவது காட்ட முடிகிறதா, வேகமோ ஒரு புதுப் பந்தோ, என்பதுதான் கணக்கு. பேட்டருக்கு இது கஷ்டம். பலவீனமான பிட்சிங்கில் அடித்தார் என்று ஒதுக்கிவிடுவார்கள்.

திரும்பி வருவதே நோக்கமில்லாமல் இங்கே ஆடியவரும் உண்டு. ரிக்கி ஹெண்டர்சன். 1,406 ஸ்டீல், 2,295 ரன், இரண்டும் மேஜர் லீக் சாதனை. சாதிக்க இனி எதுவும் இல்லாதவர். 2003-ல் நியூவர்க் பேர்ஸ் அணியில் ஆடினார். அங்கிருந்து டாட்ஜர்ஸ் அழைத்தது. அந்த சீசன் முடிந்ததும் மறுபடி நியூவர்க். 2005-ல் 46 வயதில் சான் டியேகோ சர்ஃப் டாக்ஸ். மேஜர் லீக்கிலிருந்து மறுபடி அழைப்பு வரவில்லை. அவர் வருந்தியிருக்கலாம், ஆனாலும் ஆடினார். பேஸ்பாலின் பெரும் ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெறக் காத்திருக்க வேண்டிய காலத்துக்குக் கணக்கு மேஜர் லீக்கில் ஆடிய கடைசி சீசன்தான், அதனால் இந்த ஆட்டங்கள் அவருடைய தேர்வைத் தள்ளிப்போடவும் இல்லை. 2009-ல் தேர்வானார். பெரும் ஆட்டக்காரர் சின்ன மைதானத்தில் ஆடினால் பெயர் கெட்டுவிடும் என்று சொல்பவர்களுக்கு, ஹெண்டர்சனின் பெயர் ஒரு துளியும் குறையவில்லை என்பதை நினைவூட்டுவேன்.

## நிறுத்திக்கொள்வது

பஸ்டர் போஸி 2021-ல் சான் ஃப்ரான்சிஸ்கோ ஜயன்ட்ஸின் 34 வயது கேட்சர், அதாவது பிட்சரின் பந்தைப் பிடிப்பவர். அந்த ஆண்டு .304 சராசரியில் அடித்தார், அணி 107 ஆட்டம் வென்றது. அடுத்த ஆண்டுக்கு 2 கோடியே 20 லட்சம் டாலர் காத்திருந்தது. நவம்பரில் ஓய்வை அறிவித்தார். தினமும் வலியோடு ஆடுவதில் பழைய சந்தோஷம் இல்லை என்பதும், வீட்டில் நான்கு பிள்ளைகள் என்பதும் காரணம். இன்று அதே ஜயன்ட்ஸ் அணியின் பேஸ்பால் பிரிவுத் தலைவர் அவர்தான். ஆட்டத்தின் மேல் காதல் குறைந்ததால் விட்டார் என்று யாராலும் சொல்ல முடியாது.

இச்சிரோ சுஸுகி 2019 மார்ச்சில் டோக்கியோவில் தன் கடைசி ஆட்டத்தை ஆடினார், 45 வயதில். அவர் நேசித்தது பயிற்சியும் ஒழுங்கும். அதற்கு ரோஸ்டரில் இடம் தேவையில்லை. சியாட்டில் அணியோடு இன்றும் பயிற்சியில் பந்து வீசுகிறார், ஓடுகிறார். ஜப்பானில் தன் நண்பர்களைக் கொண்டு ஓர் அமெச்சூர் அணி வைத்திருக்கிறார். பள்ளி மாணவிகளில் தேர்ந்தெடுத்த அணிக்கு எதிராக ஒவ்வொரு வருடமும் முழு மூச்சோடு ஆடுகிறார், தானே பிட்சராக வீசுகிறார்.

ஓய்வின் மறைந்த செலவு, அது பெரும்பாலும் திரும்பப் பெற முடியாதது. ஒரு சீசனை முழுதாக விட்ட 39 வயதுக்காரரை மறுபடி அழைக்கும் அணி அபூர்வம்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| வழி | ஆடக் கிடைப்பது | பணம் | குடும்பம் | மறுபடி மேஜர் லீக் |
|---|---|---|---|---|
| ஓராண்டு ஒப்பந்தம் | அணியைப் பொறுத்தது, பெஞ்ச் ஆபத்து உண்டு | அதிகம், சர்வீஸ் நாளும் சேரும் | நடுவில் டிரேட் ஆகலாம் | ஏற்கெனவே அங்கே |
| மைனர் லீக் அழைப்பு | டிரிப்பிள்-ஏயில் நிறைய | தேர்வானால் நல்லது | மார்ச் கடைசி வரை எதுவும் தெரியாது | காலி இடம் வந்தால் |
| ஜப்பான், கொரியா | நன்றாக ஆடினால் தினமும் | நடுத்தரம் | நீண்ட பிரிவு, அல்லது எல்லோரும் இடம்பெயர்வது | இளையவருக்கு உண்டு, 38-ல் அபூர்வம் |
| மெக்சிகோ, இண்டிபெண்டன்ட் லீக் | தினமும் | குறைவு | ஊர் ஊராகப் பஸ் பயணம் | பிட்சருக்குக் கொஞ்சம், பேட்டருக்கு மிகக் குறைவு |
| ஓய்வு | இல்லை | இல்லை | முழுக்க வீட்டில் | கிட்டத்தட்ட மூடியது |

## எந்த ஆளுக்கு எது

உச்சத்தில் இருப்பவர்களை எதிர்கொள்வதுதான் அவருக்கு ஆட்டம் என்றால் ஓராண்டு ஒப்பந்தம், அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டாவது. அது கிடைக்காவிட்டால் மைனர் லீக் அழைப்பு, வெளியேறும் தேதிகளோடு. அதுவும் கிடைக்காவிட்டால் அவர் நிறுத்திக்கொள்வது நல்லது. மெக்சிகோவில் அடிக்கும் ஹோம் ரன் அவருக்கு இனிக்காது.

தினமும் ஆடினால் போதும் என்பவருக்கு மேஜர் லீக் பெஞ்சைவிட மெக்சிகோ நல்லது. இதைச் சொன்னால் நண்பர்கள் கோபிக்கிறார்கள். அவர்கள் அந்த ஆளைத் தொலைக்காட்சியில் பார்க்க விரும்புகிறார்கள். அது நம் விருப்பம், அவருடையது இல்லை.

ஊரும் அணியும் முக்கியம் என்றால் குரோடா மாதிரி, உடம்பில் சக்தி இருக்கும்போதே திரும்ப வேண்டும். கடைசி வருடத்துக்கு என்று தள்ளிப்போட்டால் அந்தக் கடைசி வருடத்தில் கொடுக்க எதுவும் மிஞ்சியிருக்காது. பயிற்சிதான் காதல் என்றால் ஓய்வுக்குப் பயப்படத் தேவையே இல்லை.

10 ஆண்டு சர்வீஸுக்குச் சில மாதம் குறைவாக இருப்பவர் இந்த வரிசையை மறந்துவிட்டு, மேஜர் லீக்கில் எந்த மூலையில் இடம் கிடைத்தாலும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு வழியும் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை: குளிர்காலத்தில் எதுவும் முடிவெடுக்காமல் இருப்பது. ரிச் ஹில் 2024-ல் அப்படித்தான் செய்தார். சீசன் தொடங்கியும் யாரோடும் கையெழுத்துப் போடவில்லை. மகனின் சின்னப் பையன்கள் அணிக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டு, தனியாக வீசிப் பழகிக்கொண்டு, ஆகஸ்டில் பாஸ்டனோடு மைனர் லீக் ஒப்பந்தம் போட்டு மேஜர் லீக்குக்கு வந்தார். பாதி வருடம் வீடு, பாதி வருடம் ஆட்டம். பிட்சர்களுக்கு இது பொருந்தும், ஏனென்றால் ஜூலை, ஆகஸ்டில் எல்லா அணிகளிலும் பிட்சர்கள் காயப்பட்டு இடம் காலியாகும். பேட்டருக்கு நிஜமான பிட்சிங்கைப் பார்க்காமல் பாதி வருடம் கழிந்தால் கண் பழக்கம் போய்விடும். அவருக்கு இதைச் சொல்ல மாட்டேன்.

தேதி ஒன்றையும் மனதில் வைக்க வேண்டும். வீரர் சங்கத்துக்கும் அணி உரிமையாளர்களுக்கும் இடையிலான தற்போதைய ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1-ல் முடிகிறது. கடந்த முறை, 2021 டிசம்பர் 2 முதல் 2022 மார்ச் 10 வரை லாக்அவுட், அதாவது உரிமையாளர்கள் வீரர்களுக்குக் கதவை மூடுவது, நடந்தபோது மேஜர் லீக் ஒப்பந்தம் எதுவும் போட முடியவில்லை. 40 பேர் பட்டியலில் இருந்தவர்கள் அணியின் பயிற்சி நிலையத்தையோ மருத்துவர்களையோ பயன்படுத்த முடியவில்லை. பூஹோல்ஸ் டொமினிக்கனில் ஆடியது அந்தக் குளிர்காலத்தில்தான். ஆகவே 2026 சீசனோடு ஒப்பந்தம் முடியும் 38 வயதுக்காரருக்கு நவம்பரிலேயே ஒரு விஷயத்தில் தெளிவு வேண்டும்: லாக்அவுட் வந்தால் எங்கே ஆடி உடம்பைத் தயாராக வைத்துக்கொள்வார் என்பதில். விண்டர் லீக் நடக்கும் நாட்டில் ஓர் அணியோடு பேசிவைத்திருந்தால், மார்ச்சில் அழைப்பு வரும்போது நேராகக் களத்துக்குப் போகலாம்.